எல்லைக்கு மூத்த இயந்திரம்: புல்லட்டின் அதிர்வும் ஓட்டுநரின் உடலும்

வாளையார் மாநில எல்லையானது 1956 நவம்பர் 1 அன்று. அதுவரை பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1955இல், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சென்னையில் புல்லட் 350ஐ உருவாக்கக் கூட்டுச் சேர்ந்திருந்தன. அவ்வகையில் இந்த வண்டி இந்த எல்லைக்கு மூத்தது. அதன் ஓசையைப் புகழ்வோர் பலர். அதன் அதிர்வை ஒரு வரலாற்றுச் சான்றாகக் காண்போர் சிலரே.

அதிர்வின் காரணம் எளியது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட ஒற்றை சிலிண்டரில், பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. அந்த விசையை ஈடுசெய்ய வேறு பிஸ்டன் இல்லை. கிராங்க் அச்சில் எதிர்எடை சேர்த்தால் மேல்கீழ் அதிர்வு குறையும். ஆனால் குறைந்தது முன்பின் அதிர்வாக மாறும். ஆகவே பொறியாளர் அதிர்வை நீக்கவில்லை, பங்கிட்டார். எஞ்சியது கைப்பிடி, இருக்கை, கால்தாங்கி வழியே ஓட்டுநரின் உடலை அடைந்தது.

மேலும், இவ்விசை சுழல்வேகத்தின் இருமடிப்படி வளர்வது. ஒரே கியரில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தை 60 ஆக உயர்த்தினால், வேகம் 20 விழுக்காடும் விசை 44 விழுக்காடும் கூடும். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையில், கணவாய் வழியே செல்லும் ஏறத்தாழ 50 கி.மீ. சாலையில் பெரிய மலையேற்றம் இல்லை. எனவே சுழல்வேகம் நெடுநேரம் மாறாதிருக்கும்; அதிர்வும் இடைவிடாது தொடரும். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க் காற்று எதிர்த்து வீசும்போது கை தானாகவே பிடியை இறுக்கும். இறுகிய பிடி அதிர்வை மேலும் உள்வாங்கும். வேகத்தைச் சற்றுக் குறைப்பது, பிடியைத் தளர்த்துவது, இடையிடையே இறங்கி நிற்பது, புறப்படுமுன் எஞ்சின் தாங்கும் போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பது ஆகிய பழக்கங்கள் இயந்திரவியலோடு முற்றிலும் பொருந்துகின்றன.

அதிர்வு உடலுக்குச் செய்யும் தீங்கும் அறியப்படாததன்று. 1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த இந்தியானா சுண்ணாம்புக்கல் தொழிலாளரின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைநாளுக்குக் கை அதிர்வின் அளவு வினாடிவர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினாலே வேலை தருபவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. எப்போதாவது உலா செல்பவரின் விரல் மரப்பு பெரும்பாலும் சிறிது ஓய்வில் நீங்கிவிடும். ஆனால் புல்லட் தொடக்கத்திலிருந்தே படையினரும் காவலரும் பணிக்கு ஓட்டிய வண்டி என்பதை மறத்தலாகாது.

எதிர்த்திசையில் சுழலும் அச்சுகளால் எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் வழியை ஃபிரெடரிக் லான்செஸ்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளில் சமன் அச்சு இடம்பெற்றதோ 2020இல், மீட்டியார் வந்தபோதுதான். குறைந்த உதிரிபாகங்களும் சாலையோரத்திலேயே பழுதுபார்க்கும் எளிமையும் பழைய வடிவமைப்பின் உண்மையான நன்மைகள். எனினும் அந்த எளிமைக்கான விலையின் ஒரு பகுதியை ஓட்டுநரின் விரல்கள் செலுத்தின. அதிர்வை ‘வண்டியின் இதயத்துடிப்பு’ என்று மட்டும் கொண்டாடினால், அந்த விலை கணக்கிலிருந்து மறைந்துவிடும். இருசக்கர வண்டியில் நாள் முழுதும் உணவும் பொதியும் சுமந்து செல்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில், தொழில்நுட்ப வரலாறு அவர்களின் கைகளையும் தன் ஆவணமாகக் கொள்ள வேண்டும்.