குலுக்குப்படாத சீட்டுகள்



ஏழாம், எட்டாம் வகுப்புகளில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் புள்ளிவிபரவியல் பாடத்தில் எழுமாற்று மாதிரி பற்றிப் படிக்கிறார்கள். எல்லோரையும் விசாரிக்க முடியாதபோது சிலரைத் தெரிந்தெடுத்து விசாரிக்கிறோம். அந்தச் சிலர்தான் மாதிரி. அதில் இடம்பெற எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கச்சார்பு வந்துவிடும். “ஒருவரும் கள்ளம் செய்யாவிட்டால் போதும்தானே?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. அதற்குச் சாட்சியாக 1969இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சீட்டிழுப்பைச் சொல்கிறேன்.

அது வியட்நாம் போர்க் காலம். இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுத்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்பு ஒரு வீட்டை என்ன பாடுபடுத்தும் என்று எங்கள் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாரை எடுப்பது என்பதை ஊர்தோறும் இருந்த குழுக்கள் தீர்மானித்தன. பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு ஒத்திவைப்புக் கிடைத்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். இந்த முறைக்கு எதிர்ப்பு வளரவே, குலுக்கல் முறையில் எடுப்போம் என்று அரசு முடிவு செய்தது.

1969 டிசெம்பர் 1ஆம் திகதி இரவு வாஷிங்டனில் சீட்டிழுப்பு நடந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாடே அதைக் கேட்டது, பார்த்தது. வருடத்தின் 366 திகதிகளும் 366 சின்ன நீல நிறச் சிமிழ்களுக்குள் இருந்தன. முதலில் வந்த திகதி செப்டெம்பர் 14. 1944 முதல் 1950 வரையான ஆண்டுகளில் அந்தத் திகதியில் பிறந்த ஆண்களுக்கு இலக்கம் 1. கடைசியாக வந்தது ஜூன் 8. அதற்கு இலக்கம் 366. சிறிய இலக்கக்காரர் முதலில் போக வேண்டும். 1970இல் 195ஆம் இலக்கம் வரை அழைத்தார்கள்.

சில வாரங்களுக்குள் புள்ளிவிபர நிபுணர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். சீட்டுகள் நன்றாகக் கலந்திருந்தால் ஒவ்வொரு மாதத்தின் சராசரி இலக்கமும் 183க்குக் கிட்டவாக இருக்க வேண்டும். ஜனவரியின் சராசரி 201. டிசெம்பரின் சராசரியோ 121 தான். டிசெம்பரின் 31 நாட்களில் 195க்கு மேலே தப்பியவை ஐந்து நாட்கள் மட்டுமே. சமமாக விழுந்திருந்தால் பதினான்கு நாட்களாவது தப்பியிருக்கும். தற்செயலாக இப்படிச் சாய்வதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை என்று கணக்குக் காட்டியது.

யாராவது ஏமாற்றினார்களா? இல்லை. சிமிழ்களை மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டிருந்தார்கள். முதலில் ஜனவரி. பிறகு பெப்ரவரியைப் போட்டு இரண்டையும் கலந்தார்கள். பிறகு மார்ச்சைப் போட்டுக் கலந்தார்கள். இப்படியே போனதில் ஜனவரிச் சிமிழ்கள் பதினொரு தடவை கலக்கப்பட்டன; கடைசியாக வந்த டிசெம்பர் ஒரே ஒரு தடவை. அதன் பிறகு பெட்டியைக் குலுக்கியது போதவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டியபோது பிந்திய மாதங்கள் மேலே வந்து நின்றன. கையை விட்டவர்கள் பெரும்பாலும் மேலே கிடந்ததை எடுத்தார்கள்.

அந்த முடிவு மாற்றப்படவில்லை. டிசெம்பரில் பிறந்த பலர் அதன்படியே படைக்குப் போனார்கள். ஆனால் 1970 ஜூலையில் நடந்த அடுத்த சீட்டிழுப்பில் பாடம் படித்திருந்தார்கள். திகதிகளுக்கு ஒரு உருளை, இலக்கங்களுக்கு இன்னொரு உருளை. இரண்டிலும் சீட்டுகளைப் போடும் ஒழுங்கையே எழுமாற்று எண் அட்டவணைகளைக் கொண்டு தீர்மானித்தார்கள்.

என் கணக்காளர் தொழிலிலும் இதே கதைதான். கணக்காய்வு செய்யும்போது ஆயிரக்கணக்கான பற்றுச்சீட்டுகளையும் பார்க்க நேரம் இராது. பெட்டியின் மேலே கிடக்கும் ஐம்பதை எடுத்தால் அவை அநேகமாக வருடக் கடைசிச் சீட்டுகளாகவே இருக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டு, எழுமாற்று எண்களின்படி எடுக்கிறோம்.

பிள்ளைகளுக்கும் இதுவே வழி. பாடசாலையில் கருத்துக் கணிப்புச் செய்யச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் சிநேகிதர்களை மட்டும் கேட்க வேண்டாம். வகுப்புப் பட்டியல் முழுவதற்கும் இலக்கமிடுங்கள். அன்று வராதவர்களின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுகளை ஒரே அளவில் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நன்றாகக் குலுக்கி எடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வானொலிக்குத் தொலைபேசி எடுத்து வாக்களிப்பவர்களின் கருத்து, சமூகம் முழுவதினதும் கருத்து ஆகாது. இரவு வேலைக்குப் போனவரும், பேசத் தயங்குபவரும் அதில் இல்லை. “எங்கள் சனம் இப்படித்தான் நினைக்கிறது” என்று யாராவது புள்ளிவிபரம் காட்டினால், யாரை, எப்படித் தெரிந்தெடுத்துக் கேட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு வரலாற்றோடு சந்திப்போம்.