இருபடி மூவுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்தல்

இருபடி மூவுறுப்புக் கோவையை இரண்டு ஒருபடிக் கோவைகளின் பெருக்கலாக எழுதுவதே அதைக் காரணிப்படுத்துவது. மாறியை ய என்று கொண்டால், ய² + 7ய + 12 என்பது (ய + 3)(ய + 4) ஆகும். தொடக்க இயற்கணிதத்தில் இது பெரும்பாலும் ‘பெருக்கினால் 12, கூட்டினால் 7’ என்ற தேடலாகவே அறிமுகமாகிறது. முதல் கெழு 1 ஆக இருக்கும்வரை மாணவர்கள் எப்படியோ எண்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 6ய² + 11ய − 10 போன்ற கோவை வந்ததும், முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கி நடு உறுப்பைப் பிரிக்க வேண்டும் என்ற புது விதி காரணம் சொல்லப்படாமலே வந்து சேர்கிறது. பாடம் புரியாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெருக்கி விரிப்பதைப் பின்னோக்கிப் படிக்கப் பழக்கினால் அந்த விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

(2ய + 5)(3ய − 2) என்பதை விரித்துப் பார்க்கலாம். 6ய² − 4ய + 15ய − 10 என நான்கு உறுப்புகள் கிடைக்கின்றன. நடுவிலுள்ள இரண்டும் சேர்ந்து 11ய ஆகி, தாம் வந்த வழியை மறைத்துவிடுகின்றன. −4 வந்தது 2 × (−2) இலிருந்து. 15 வந்தது 5 × 3 இலிருந்து. இவ்விரண்டையும் பெருக்கி, எண்களை இடம் மாற்றி அடுக்கினால் (2 × 3) × (5 × −2), அதாவது 6 × (−10) = −60. முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கச் சொல்வது இதனால்தான். பெருக்கினால் −60, கூட்டினால் 11 தரும் எண்கள் 15, −4. நடு உறுப்பை அவ்வாறு பிரித்ததும் 3ய(2ய + 5) − 2(2ய + 5) என்றாகி, பொதுக் காரணி தானே வெளிப்படுகிறது. பல பயிற்சிகளைவிட, இந்த ஒரு கணக்கை விரித்தும் சுருக்கியும் இருமுறை செய்வது அதிகம் கற்றுத்தரும்.

அப்படியானாலும் எண்களை ஊகிக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். அவசியமில்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த இரண்டு எண்களைக் காணும் வழி, ஏறத்தாழ கி.மு. 1800ஐ ஒட்டிய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. கூட்டல் 7 என்றால் பாதி 3.5, அதன் வர்க்கம் 12.25, அதிலிருந்து 12ஐக் கழித்தால் 0.25, அதன் வர்க்கமூலம் 0.5. ஆக, எண்கள் 3.5 + 0.5, 3.5 − 0.5. சமன்பாட்டைக் காரணிகளின் பெருக்கலாகக் காணும் பார்வையோ மிகப் பிந்தியது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் தாமஸ் ஹாரியட் மறைந்தபின் 1631இல் வெளியான நூல் அதை விரிவாகக் கையாண்டது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: எல்லா இருபடிச் சமன்பாடுகளுக்கும் சூத்திரம் இருக்கையில், சிலவற்றுக்கே பொருந்தும் முறை எதற்கு? ய² உடன் நடுக்கெழுவும் மாறிலியும் 1 முதல் 10 வரை அமையும் 100 கோவைகளில், முழு எண்களில் காரணிப்படுபவை 14 மட்டுமே. பாடநூல் கணக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதை மாணவருக்குச் சொல்லிவிடுவதே நேர்மை. கெழுக்கள் முழு எண்களானால், சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் வரும் தன்மைகாட்டி முழு வர்க்கமாக இருக்கும்போதே இம்முறை பலிக்கும் என்பதையும் கூடவே காட்டலாம். ஆனால் சூத்திரம் தருவது மூலங்களைத்தான். 6ய² + 11ய − 10 = 0 என்பதற்கு −5/2, 2/3 என்று விடை கண்டவர் (ய + 5/2)(ய − 2/3) என்று எழுதி 6ஐத் தவறவிடுவது வழக்கம். விகிதமுறு கோவைகளைச் சுருக்கவும், கோவை எங்கே மிகை, எங்கே குறை என்று அறியவும் காரணிகளே வேண்டும். மூலங்கள் ஏன் மூலங்களாகின்றன என்பதும் காரணிகளில்தான் தெரிகிறது: பெருக்கற்பலன் பூச்சியமானால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும். இது மனத்தில் பதியாதவர் (ய − 1)(ய − 2) = 12 என்பதைக் கண்டதும் ய − 1 = 12 என்று எழுதிவிடுகிறார். 12ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் ய² − 3ய − 10 = 0; அது (ய − 5)(ய + 2) = 0 ஆகி, ய = 5 அல்லது −2 என்று முடிகிறது.