பாதுஹெல்ம்பட்டி ஆட்டம்

பேட்டால் அடித்து ஆடுவதால்தான் பேட்மிண்டன் என்று பெயர் வந்தது என நம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘பேட்’ என்று எழுதிவிட்டால் அது மட்டையா, கெட்டதா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. இரண்டு ஓசைக்கும் ஒரே ‘ட்’தான். கடையில் “ஒரு ஜோடி ஷட்டில் பேட் குடுங்க” என்று கேட்டு வாங்குகிறவருக்கு, பேட்மிண்டனில் இருப்பதும் அதே பேட்தான். மிச்சமிருக்கும் மிண்டன் யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் இருக்கிறது: மிண்டன் என்றால் தமிழில் வலியவன். அறுபத்து மூவரில் ஒருவர் விறன்மிண்ட நாயனார். பேட் பிடித்த வலியவன் ஆடும் ஆட்டம் பேட்மிண்டன்! பல சொற்பிறப்புக் கட்டுரைகள் இதைவிடப் பலவீனமான அடித்தளத்தில் நின்றிருக்கின்றன.

உண்மையில் அது ஓர் ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பேட்மிண்டன் என்ற கிராமம் இருக்கிறது. கி.பி. 972ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இந்த ஊர் ‘பாடிமிங்க்டூன்’ என்று வருகிறது. பாதுஹெல்ம் என்ற ஆளின் பெயர், அவனைச் சேர்ந்தது என்று காட்டும் ஓர் இடைநிலை, கடைசியில் ‘டூன்’. பாது என்றால் பழைய ஆங்கிலத்தில் போர். ஹெல்ம் என்றால் தலைக்கவசம். டூன் என்பதற்கு முதற்பொருள் வேலி. பிறகு வேலிக்குள் இருக்கும் நிலம், பண்ணை, ஊர் என்று பொருள் விரிந்து, இன்றைய ‘டவுன்’ வரை வந்துவிட்டது. நம் ‘பட்டி’யும் இதே வழியில் நடந்த சொல்தான். ஆடுமாடு அடைக்கும் இடம் முதலில் பட்டி. பிறகு அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பும் பட்டி. ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் வைத்தால் அந்த ஆங்கிலேயக் கிராமம் பாதுஹெல்ம்பட்டி. பி.வி.சிந்து ஆடுவது பாதுஹெல்ம்பட்டி ஆட்டம்.

1086இல் நார்மன் அரசுக்காக நிலக்கணக்கு எடுத்த டூம்ஸ்டே ஏட்டில் இந்த ஊரை ‘மாட்மின்டூன்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்தரின் பிழை என்று பெயராய்வாளர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். பகரமும் மகரமும் இரண்டு இதழும் ஒட்டிப் பிறப்பவை; அயல்மொழிக்காரன் காதில் ஒன்று மற்றொன்றாக விழுந்திருக்கலாம். வருவாய்த்துறை ஏட்டில் தன் ஊர்ப்பெயரைத் தேடிப் பார்த்த தமிழர் யாருக்கும் இதில் வியப்பு இருக்காது.

ஊர்ப்பெயர் ஆட்டப்பெயர் ஆவதற்கு முன் ஒரு மதுவின் பெயராகவும் இருந்திருக்கிறது. அந்தக் கிராமத்தில் போஃபோர்ட் கோமகன்களின் மாளிகை இருக்கிறது. பேட்மிண்டன் ஹவுஸ் என்று பெயர். சிவப்புத் திராட்சை மதுவில் சர்க்கரையும் சோடாவும் கலந்த பானத்துக்குப் ‘பேட்மிண்டன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான டிஸ்ரேலி 1845இல் வெளியிட்ட ‘சிபில்’ நாவலில் அந்தப் பானம் வருகிறது. அன்றைக்கு லண்டன் கிளப்பில் ஒருவர் பேட்மிண்டன் வேண்டும் என்றால் கோப்பை வந்திருக்கும்.

அந்த மாளிகையில் இறகு வைத்த தக்கையை மட்டையால் தட்டி ஆடும் பழக்கம் இருந்தது நிச்சயம். வலை கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. கீழே விழாமல் எத்தனை முறை தட்டுகிறோம் என்று எண்ணுவதுதான் ஆட்டம். 1830இல் 2,117 தடவை தட்டியதாக அந்த வீட்டு மட்டை ஒன்றின் மேலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘பேட்டில்டோர் அண்ட் ஷட்டில்காக்’ என்று பெயர். பேட்டில்டோர் என்பது முதலில் துணி துவைக்கிறவர்கள் கையிலிருந்த கட்டை. அழுக்குப் போக அடிப்பதற்கு. ஷட்டில் தறியிலிருந்து வந்தது. ஊடைநூலைச் சுமந்துகொண்டு பாவுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறதே நாடா, அதுதான் ஷட்டில். தலையில் இறகு இருப்பதால் சேவலைக் குறிக்கும் ‘காக்’ பின்னால் ஒட்டிக்கொண்டது. வண்ணான் துறைக் கட்டை, நெசவாளி நாடா, கூரையேறும் சேவல் மூன்றும் சேர்ந்து கோமகன் வீட்டுக் கூடத்துக்குள் போயிருக்கின்றன.

வலை கட்டி, புள்ளி வைத்து ஆடும் ஆட்டத்துக்கு அந்த மாளிகையின் பெயர் எப்படி வந்தது? எல்லாப் பொது அறிவுப் புத்தகமும் ஒரு கதை சொல்லும். 1873ஆம் ஆண்டு. மாளிகையில் விருந்து, வெளியே மழை. இந்தியாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ராணுவ அதிகாரிகளுக்குப் பொழுது போகவில்லை. ஷாம்பெயின் பாட்டில் தக்கையில் இறகைச் செருகி, குறுக்கே கயிறு கட்டி, பூனாவில் தாங்கள் ஆடிய ஆட்டத்தைக் கோமகனின் விருந்தாளிகளுக்கு ஆடிக் காட்டினார்கள். அன்றிலிருந்து அது பேட்மிண்டன்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1860இலேயே ஐசக் ஸ்ப்ராட் என்ற லண்டன் பொம்மை வியாபாரி ‘பேட்மிண்டன் பேட்டில்டோர், ஒரு புதிய ஆட்டம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு புத்தகம் போட்டிருக்கிறார். அதன் படி ஒன்றுகூட மிஞ்சவில்லை. தலைப்பு மட்டும் தப்பித்தது. அதையும் நம்பாதவர்களுக்கு 1863ஆம் ஆண்டு ‘கார்ன்ஹில்’ மாத இதழ் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் கட்டிய கயிற்றுக்கு இருபுறமும் அணி பிரித்து ஆடும் ஆட்டம் என்று அதில் பேட்மிண்டனுக்கு விளக்கமே வந்துவிட்டது. விருந்து நடந்ததாகச் சொல்லும் நாளுக்குப் பத்து ஆண்டு முன்னால் அச்சேறிய பெயரை அந்த விருந்து பெற்றெடுத்திருக்க முடியாது. மழையும் ஷாம்பெயினும் பிறகு சேர்ந்த ஜோடனை. பெயர் மாளிகையிலிருந்து வந்தது என்ற வரைக்கும் ஒப்புக்கொள்ளலாம், அதிகாரிகள் கதையை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அதற்காகப் பூனாவை விட்டுவிட முடியாது. 1873ஆம் ஆண்டு அந்தக் கதைக்குள் எப்படி வந்தது என்று பார்த்தால், ஆட்டத்துக்கு முதன்முதலில் விதிகள் எழுதப்பட்டது அந்த ஆண்டில்தான், அந்தப் படைநகரத்தில்தான். ஆட்டத்தையே ‘பூனா’ என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. 1875இல், ஊர் திரும்பிய அதிகாரிகள் ஃபோக்ஸ்டன் நகரில் கிளப் தொடங்கினார்கள். 1887இல் பாத் நகரத்து ஹார்ட் என்பவர் திருத்தி எழுதும் வரைக்கும் இங்கிலாந்திலேயே பூனா விதிப்படிதான் ஆடினார்கள். 1893இல் இங்கிலாந்து சங்கம் தோன்றியது. ஆறு ஆண்டு கழித்து ஆல் இங்கிலாந்து போட்டி தொடங்கியது; முதல் ஆண்டில் இரட்டையர் ஆட்டங்கள் மட்டும்தான். தனி ஆளாக நிற்கும் ஆட்டம் 1900இல்தான் சேர்ந்தது. இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் பார்க்கிறோம். 1980இல் பிரகாஷ் படுகோனும் 2001இல் கோபிசந்தும் வென்றது அந்தப் பட்டத்தை. தமிழில் அதற்கு ‘ஒற்றையர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருவர் மட்டுமே நிற்கிற பக்கத்துக்குப் பலர்பால் விகுதி! இரட்டையர் என்பதைப் பார்த்து அச்சு வார்த்தது. அதில் தப்பில்லை, ஒற்றையாக நிற்கிறவருக்கு ஒரு மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனித் தஞ்சாவூருக்கு வரவேண்டும். 1850களிலேயே அங்கே கம்பளி நூல் பந்தை மட்டையால் அடித்து ஆடினார்கள். அரச குடும்பத்தார் 1856இல் ஆடினார்கள் என்று ஆண்டோடு சொல்வது வழக்கம். எனக்கு அந்த ஆண்டு உறுத்துகிறது. கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசு இல்லாமல் 1855 அக்டோபரில் இறந்துபோனார், கம்பெனி ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டது. அப்படியானால் அந்தப் பந்து எழும்பியது ராஜா இல்லாத அரண்மனை முற்றத்தில். ஆண்டை நம்பினாலும் நம்பாவிட்டாலும், இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் இறகையும் கம்பளியையும் மாற்றி மாற்றி ஆடினார்கள் என்பது மட்டும் தெளிவு. காற்றடித்தாலோ ஈரமாக இருந்தாலோ கம்பளிப் பந்து.

ஏன் என்று கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். போட்டிக்கான இறகுக் காக்கின் எடை 4.74 முதல் 5.50 கிராம். ஒரு தக்கையில் சரியாகப் பதினாறு இறகு, வாத்தினுடையது. எல்லாம் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவை. இடதும் வலதும் கலந்தால் ஒழுங்காகச் சுழலாது. காம்புகளைக் குறுக்கே நூல் கட்டிப் பிணைத்திருப்பார்கள். ஒரு இறகு ஒடிந்தாலும் கடைசி நேரத்தில் வேறு பக்கம் சாய்ந்து விழும். சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி 2023இல் பதிவு செய்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பியது. ஆனால் எதிராளியைச் சேர்வதற்குள் காற்று அந்த வேகத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வாசல் வேப்பமரத்தில் இலை அசைந்தாலே போதும், மொட்டை மாடி ஆட்டம் முடிந்தது. மஞ்சள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். திறந்த மைதானத்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று, புழுதி பறக்க ஆடலாம். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் அது பிழைத்ததற்குக் காரணம் இதுதான். கூரை போட்ட அரங்கம் கேட்காத ஆட்டம்.

ஆங்கிலத்தில் அது ‘பால் பேட்மிண்டன்’. தமிழில் பூப்பந்து. இந்த ‘பூ’ எங்கிருந்து வந்தது? புதுப் பந்தைப் பார்த்தவர்களுக்குச் செண்டுமல்லி நினைவுக்கு வராமல் போகாது: அதே மஞ்சள், அதே உருண்டை, விளிம்பில் அதே சிலிர்ப்பு. செண்டு என்ற சொல்லுக்கே தமிழில் பூக்கொத்து என்றும் விளையாடும் பந்து என்றும் இரண்டு பொருளும் உண்டு. கல்யாண நலங்கில் மணமக்கள் பூச்செண்டை வீசிப் பிடிப்பதும் ஆட்டம்தானே. பூவும் பந்தும் சேர்வது தமிழ்க் காதுக்கு என்றைக்கும் புதிதாக இருந்ததில்லை. பெயர் வைத்தவர் அதிகம் யோசித்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. இலக்கணப்படி பூம்பந்து என்றும் சொல்லலாம். பூக்கொடி, பூங்கொடி இரண்டும் சரி என்பது போல இதுவும். ஆனால் பி.இ.டி. மாஸ்டர் விசில் ஊதிக் கத்துவதற்குப் பூப்பந்துதான் தோது. பூம்பந்து என்றால் யாரோ கவிதை படிக்கிறார் என்று பையன்கள் நினைப்பார்கள்.

பூப்பந்து இப்படிக் கம்பளிக்குப் போய்விட்டதால் இறகு ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வேறு பெயர் தேவைப்பட்டது. இறகுப்பந்து வந்தது. நேரான பெயர். ஜெர்மானியர்களும் இப்படித்தான் ‘ஃபெடர்பால்’ என்கிறார்கள். சீனப் பெயரும் இறகுப்பந்துதான். ஜெர்மானியர்கள் அதிலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: புல்தரையில் பிள்ளைகளோடு தட்டினால் ஃபெடர்பால், அரங்கத்தில் வியர்வை சிந்தினால் பேட்மிண்டன். இந்தோனேசியர்களின் ‘புலு தங்கிஸ்’ எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பெயர். புலு என்றால் இறகு, தங்கிஸ் என்றால் வருகிற அடியைத் தடுத்துத் திருப்புவது. பந்து என்ற பொய் அதில் இல்லை. அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பந்து இல்லையே.

‘இறகு’ தலையிழந்த சொல். சிறகுதான் முதலெழுத்துச் சகரம் தேய்ந்து இறகு ஆயிற்று. சிப்பி இப்பி ஆனதும் சமணர் அமணர் ஆனதும் போல. பிரிந்தபின் இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன: பறப்பதற்குச் சிறகு, உதிர்வதற்கு இறகு. ஆனாலும் இறகுப்பந்து பத்திரிகையையும் பாராட்டு விழாவையும் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. வீட்டில் ‘ஷட்டில்’தான். “சாயங்காலம் ஷட்டில் போலாமா?” கடைக்காரரிடம் ஒரு டப்பா ‘காக்’. தறி நாடா ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது, சேவல் இறகுக் கட்டுக்குப் பெயராகிவிட்டது, பாதுஹெல்ம்பட்டியைக் காணோம். செய்தித்தாளில் மட்டும் அது பாட்மின்டன், பாட்மிண்டன், பேட்மிண்டன் என்று மூன்று வேடத்தில் வருகிறது. தமிழ் முறைக்குப் பார்த்தால் டகரத்துக்கு முன் ணகரம்தான் வரும், னகரம் நிற்காது. ஆகவே ‘ண்ட’ போடுகிறவர் பக்கம் நான். ‘ட்மி’ அதுவும் கூடாத சேர்க்கைதான், டகர மெய்க்குப் பின் வேற்று மெய்களில் க, ச, ப மட்டுமே வரலாம். அதைத் திருத்தப் போனால் பேட்டுமிண்டன் என்று ஆகும். ஊர்ப்பக்கம் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள், இலக்கணம் தெரியாமலே இலக்கணப்படி.

கடல் தாண்டினால் கணக்கு மாறிவிடுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் செய்தியில் பூப்பந்து என்றால் அது இறகு ஆட்டம். கோலாலம்பூரில் பெர்லி டானோடு இணைந்து ஆடும் தினா முரளிதரன் பூப்பந்து வீராங்கனை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் இங்கே பாட்மிண்டன் வீராங்கனை. (தறி ஓடும் ஊரிலிருந்து ஷட்டிலுக்கு ஒரு வெள்ளி!) அங்கே கம்பளிப் பந்து போய் வேரூன்றவில்லை, அதனால் பெயர் காலியாக இருந்தது; விரிந்த இறகு வட்டம் பூவாகத் தெரிந்ததால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இறகுக் காக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதையும் மறுக்க முடியாது, ஊமத்தம்பூ மாதிரிதான் இருக்கிறது.

இங்கிருந்து அங்கே போன பயிற்சியாளர் பூப்பந்து வாங்கி வரச்சொன்னால் இறகு டப்பா வரும். அங்கிருந்து இங்கே வந்தவர் கேட்டால் மஞ்சள் பந்து வரும். இதில் ஒருவரைச் சரி என்றும் மற்றவரைத் தவறு என்றும் தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. அகராதிக்காரர்கள் இரண்டு பொருளையும் போட்டுவிடட்டும். எதை முதலில் போடுவது என்று கேட்டால் மஞ்சள் பந்தைப் போடச் சொல்வேன். இறகுக்கு ஏற்கனவே பெயர்கள் அதிகம்.