காப்பிச் செடியின் ஆப்பிரிக்க வேரும் எல்லை மலைகளின் தமிழ்க் குடியிருப்பும்

கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழரையும் தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழரையும் 'கேரள எல்லைத் தமிழர்' என ஒரே பெயரால் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. முன்னவர் பாலக்காட்டுக் கணவாயின் புன்செய் நிலத்தில் உழவு செய்து வாழ்ந்தவர். பின்னவர் பெரும்பாலும் மலைத்தோட்டங்களைச் சார்ந்து குடியமர்ந்தவர். இப்பின்னைய குடியமர்வை விளங்கிக்கொள்ளத் தேயிலைக்கு முந்திய காப்பியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

'அராபிகா' எனப் பெயர் பெற்றிருப்பினும் அச்செடியின் தாயகம் அரேபியா அன்று. எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளே. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூபியர் இரவு வழிபாட்டில் விழித்திருக்க அதன் பானத்தைப் பருகினர். பாபா புதான் ஏழு விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. அதனை ஆவணச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. டச்சுக்காரர் 1696இல் மலபார்க் கரையிலிருந்து சாவகத்துக்குக் காப்பிக் கன்றுகளைக் கொண்டுசென்றனர். அவை அழியவே, 1699இல் மீண்டும் அனுப்பினர். சாவகத்துச் செடி 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தை அடைந்தது; அதன் வழித்தோன்றல் 1714இல் பிரெஞ்சு மன்னருக்குப் பரிசாயிற்று; அவ்வழியே அமெரிக்கத் தீவுகளிலும் காப்பி பரவிற்று. உலகெங்கும் பரவிய பயிர் இவ்வாறு மிகச் சில செடிகளின் கால்வழியாய் அமைந்தமையால், நோய் தாக்கியபோது தாங்கி நிற்கும் வேறுபாடு அதனிடம் இல்லாது போயிற்று.

அந்நோயின் விளைவைத் தமிழர் முதலில் இலங்கையில் கண்டனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தென்மாவட்டத் தொழிலாளர் மன்னார் வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். காப்பிக்கு ஆள் மிகுதியாக வேண்டுவது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே. பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் இலைத்துரு நோய் அங்குக் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பித் தொழில் பெரிதும் சிதைந்தது. அவ்விடத்தைத் தேயிலை கைப்பற்றியது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே ஆடவர் கூட்டமாக வந்துபோன நிலை மாறி, குடும்பம் முழுவதும் லயத்தில் தங்கும் நிலை வலுப்பெற்றது. பயிர் மாறியபோது குடியமர்வின் இயல்பும் மாறிற்று என்பதே இங்குக் கருதத்தக்கது.

இம்மாற்றம் திருவிதாங்கூர் மலைகளிலும் நிகழ்ந்தது. பீர்மேட்டில் 1860களில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின்னர், அங்குக் காப்பியும் சிங்கோனாவும் பயிரிடப்பட்டன. 1880இல் ஏ. எச். ஷார்ப் தேயிலையை நட்டார். காலப்போக்கில் அதுவே நிலைத்தது. கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுர மாவட்டக் குடும்பங்கள் லயங்களில் தங்கின. கொழிஞ்சாம்பாறைக்குத் தென்மேற்கே உள்ள நெல்லியாம்பதியிலோ தேயிலையோடு காப்பியும் இன்றுவரை நிற்கிறது. நோயைத் தாங்கும் ரோபஸ்டாவும் ஆப்பிரிக்கச் செடியே. இன்று கேரளக் காப்பியின் பெரும்பகுதி அதுதான்.

1950களின் எல்லை விவாதத்தில், தோட்டத் தமிழர் நிலையாகக் குடியிருப்போர் அல்லர், வந்துபோவோரே என்னும் வாதம் முன்வைக்கப்பட்டது. மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு 1955இல் அளித்த அறிக்கை, தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினராயிருந்தும், அவ்வட்டமும் பீர்மேடும் மலையாள நாட்டுடனேயே தொடரப் பரிந்துரைத்தது. வந்துபோதல் காப்பிக் காலத்துக்குப் பெரிதும் பொருந்தும். ஊர்த் தொடர்பை விடாதவராயினும், தேயிலைத் தோட்டத்தார் அப்போது தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தவர்கள். தமிழர் கோரிய வட்டங்களுள் கொச்சிச் சித்தூரும் ஒன்று. கொழிஞ்சாம்பாறை அதனுள் அடங்கும். அங்குள்ள உழவரை நோக்கி அவ்வாதத்தைக் கூறவும் இயலாது. 1956 நவம்பர் 1இல் மூன்று வட்டங்களும் கேரளத்தில் சேர்ந்தன.