அம்மோனியா குற்றவாளியா?

இடுப்புத் துணி படும் இடத்தில் கைக்குழந்தையின் தோல் சிவந்து வெந்துபோவதற்கு நம் பக்கத்தில் தனிப்பெயர் கிடையாது. பாட்டிமார் கண்ணுக்கு அது ஒரு சமயம் கரப்பான். ஒரு சமயம் அக்கி. கோடையாக இருந்தால் வேர்க்குரு. பெயருக்கேற்ற வைத்தியமும் அன்றே தொடங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில், 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதற்குப் பிறகு, வாழ்க்கை எவ்வளவோ மாறிவிட்டது. தாய் ஷிப்டுக்குப் போகிறாள்; குழந்தை பாட்டி மடியில் வளர்கிறது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிய துணி போய், எந்தக் கம்பெனி செய்தாலும் ‘பேம்பர்ஸ்’ என்றே அழைக்கப்படும் டயபர் வந்துவிட்டது. பெயர் சூட்டுவதில் உள்ள குழப்பம் மட்டும் போகவில்லை. இதற்காக நம் பாட்டிமாரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மேனாட்டு மருத்துவர்களே இவ்விஷயத்தில் நூறாண்டு தடுமாறியிருக்கிறார்கள்.

1886 இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக்கே இதைப் பற்றி எழுதியபோது அவர் முன் நின்ற கேள்வி கடுமையானது. அரிப்புண்டு குழிந்த இப்புண்கள் பார்வைக்கு மேகநோய்ப் புண்களை ஒத்திருந்தன. அந்நாளைய ஐரோப்பாவில் பிறவி மேகநோய் அரிதன்று. அப்பெயரைச் சூட்டிவிட்டால் பழி பெற்றவள் மீது விழும். பிள்ளைக்கோ பாதரச மருந்து! ஜாக்கே இவற்றை மேகநோய் ‘போன்றவை’ என்று மட்டும் குறித்து, தோல் அரிக்கப்பட்ட பின்னர் தோன்றும் வேறு வகைப் புண்கள் எனப் பிரித்துக் காட்டினார். எத்தனை குடும்பங்களின் மானத்தை அந்த ஒரு சொல் காத்ததோ!

அடுத்த கட்டம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. காலையில் குழந்தையின் துணியை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடியை எல்லாத் தாய்மாரும் அறிவர். அது அம்மோனியா. 1915 இல் ஜஹோர்ஸ்கி என்னும் மருத்துவர் அந்நெடியையும் புண்ணையும் இணைத்து எழுதினார். 1921 இல் அதே நகரத்துக் குக் என்பவர், சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும் ஒரு பாக்டீரியாவையும் பிரித்தெடுத்தார். காரப்பொருள் ஒன்று இருக்கிறது, அதை உண்டாக்கும் கிருமியும் அகப்பட்டுவிட்டது. இனி என்ன வேண்டும்? அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ நூல்கள் இந்நோயை ‘அம்மோனியாத் தோலழற்சி’ என்றே அழைத்தன. நோயை மூக்கால் அறிந்தார்கள் எனலாம்.

காரணம் அம்மோனியா என்றால் மருந்து அமிலமும் கிருமிநாசினியும்தானே! போரிக் அமிலத் தூளைப் புண்ணின் மேலேயே தூவினார்கள். வெந்த தோல் வழியாக அது இரத்தத்தில் கலக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. 1953 இல் வெளியான ஆய்வுரை ஒன்று, அதுவரை பதிவாகியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட போரிக் அமில நச்சேற்றங்களைத் தொகுத்துக் காட்டியது. உயிரிழந்தோரில் கைக்குழந்தைகளும் இருந்தனர்.

1977 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைடன், கிளிக்மன் முதலியோர் ஓர் எளிய காரியம் செய்தார்கள். புண் உள்ள குழந்தைகள், புண் இல்லாத குழந்தைகள் ஆகிய இரு சாராரிடமும் அம்மோனியாவையும் அந்தக் கிருமிகளையும் அளந்து ஒப்பிட்டார்கள். வேறுபாடு இல்லை! நெடி எல்லாக் குழந்தைகளிடமும் இருந்தது. புண் சிலரிடம் மட்டுமே இருந்தது. இந்த ஒப்பீட்டை 1921 இலேயே செய்திருக்கலாமே என்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்குப் பாடம் சொல்லும் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அம்மோனியா முற்றிலும் நிரபராதியும் அல்ல. அமில கார நிலையை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909 இல் டென்மார்க்கின் சோரென்சென் ஒரு பீர்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வகுத்தார். அதன்படி நம் தோல் சற்று அமிலமானது. ஏறத்தாழ 5 அல்லது 5.5. சிறுநீரின் யூரியா அம்மோனியாவானால் இந்த எண் 7க்கும் மேலே ஏறும். 5க்கும் 7க்கும் இடையே இரண்டே எண்தானே என எண்ணிவிடக்கூடாது. ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இந்தச் சூழலில் மலத்திலுள்ள என்சைம்கள் விழித்துக்கொண்டு, உணவுப் புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பதுபோல் தோலைக் கரைக்கின்றன. 1986 இல் பெர்க், பக்கிங்ஹாம் ஆகியோர் இதனைச் சோதித்துக் காட்டினார்கள். அவர்கள் டயபர் செய்யும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் முடிவு இன்றுவரை நிலைத்திருக்கிறது. இதோடு உராய்வையும் சேர்த்துக்கொள்க. நீரில் ஊறிய தோல் வழுக்கும் என்று நினைப்போம். உண்மையில் ஈரத்தோலுக்கும் துணிக்கும் இடையே உராய்வு கூடுகிறது. ஊறிய தோல் எளிதில் பிய்கிறது.

ஆகவே மூக்கைவிடக் கண்ணே இங்கு நல்ல கருவி. எங்கே சிவந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈரமும் மலமும் உராய்வும் காரணமானால், துணி அழுந்தும் மேடுகள், அதாவது பிட்டம், உள்தொடை, அடிவயிறு ஆகியவை சிவக்கும். தொடையிடுக்கின் மடிப்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். மடிப்புக்குள்ளேயே அடர்சிவப்பாக இருந்து, ஓரத்தைத் தாண்டிச் சிறுசிறு புள்ளிகள் தனித்தனியே சிதறியிருந்தால், அது கேண்டிடா என்னும் காளான் குடியேறிய அடையாளம். வயிற்றுப்போக்குக்கோ காய்ச்சலுக்கோ ஆன்டிபயாடிக் கொடுத்த பின் இது வருவதுண்டு; வாயில் வெண்படலமும் காணலாம். சாதாரணப் புண்ணும் மூன்று நாள் ஆறாமல் கிடந்தால் காளான் சேர்ந்திருக்கக்கூடும்.

மிக அரிதான மூன்றாவது ஒன்று உண்டு. இடுப்பில் மட்டுமன்றி வாயைச் சுற்றியும் கைகால்களிலும் புண், ஓயாத பேதி, முடி உதிர்தல். தாய்ப்பாலை நிறுத்திய பின்னரே பெரும்பாலும் தலைகாட்டும். 1942 இல் நார்வே நாட்டு டான்போல்ட்டும் கிளோஸும் இதனைத் தனி நோயாக விவரித்தார்கள். குழந்தைகளைக் கொன்றுவந்த அந்நோய் துத்தநாகக் குறைவே என்பது 1970களில்தான் இலண்டனில் பார்ன்ஸ், மொய்னஹன் ஆகியோரால் தெரியவந்தது. துத்தநாக உப்பை வாய்வழி கொடுத்தாலே குழந்தை பிழைக்கிறது! இதைக் ‘கரப்பான்’ என்று சொல்லி நாள் கடத்தினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் அக்கி என்று தீர்மானித்துக் குயவர் வீட்டில் காவிமண் குழைத்து எழுதுவதுண்டு. காவியின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. மருந்துக்கடைக் காலமைன் லோஷனின் இளஞ்சிவப்பும் அதே ஆக்சைடால்தான். ஆனால் தோலுரிந்த இடத்தில் மண் பூசுவது ஆபத்து. தனுர்வாயுக் கிருமியின் விதைகள் மண்ணில் வாழ்பவை. படித்தவர் வீட்டுத் தவறு வேறு வகை. மூன்று மருந்து கலந்த களிம்பை எதற்கும் தடவுகிறார்கள். அதிலுள்ள வீரியமான ஸ்டீராய்டு, டயபரின் மூடாக்கில் பன்மடங்கு உட்புகும். 1971 இல் டாப்பைனர், ப்ளேகர் ஆகியோர் பிட்டத்தில் ஊதாநிறக் கட்டிகள் எழுந்த குழந்தைகளை விவரித்தனர். இக்களிம்புகளே காரணம் எனப் பின்னர் ஐயுறப்பட்டது. இந்தியாவில் 2018 இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது தடை செய்யப்பட்டது.

டயபரே எதிரி என்றும் கூற மாட்டேன். 1980களில் அதனுள் சேர்க்கப்பட்ட சோடியம் பாலிஅக்ரிலேட், தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்கிறது; பழைய ரப்பர் ஜட்டியைவிடத் தோல் உலர்ந்தே இருக்கும். ஆனால் கூழ் சிறுநீரைத்தான் பிடிக்கும், மலத்தையன்று. உலர்ந்திருக்கிறதே என்று இரவு முழுதும் அவிழ்க்காமல் விட்டால், மேற்சொன்ன என்சைம்களுக்கு எட்டு மணி நேரம் கிடைத்துவிடுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் அமிலத்தன்மை கூடியது; அதற்குப் புண்ணும் குறைவு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறியது. பாட்டியிடம் விட்டுச் செல்லும் வீடுகளில், மலம் கழித்தவுடன் வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கனமாகத் தடவி, பகலில் சில மணி நேரமாவது துணி கட்டாமல் பாயில் விடலாம். கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.