குடிவரவு

வெளிநாட்டவரை உள்ளே விடுவதா என்று முடிவு செய்யும் துறைக்கு இலங்கையில் ‘குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம்’ என்று பெயர். சிங்கப்பூரில் அதே வேலைக்குக் ‘குடிநுழைவு’ என்கிறார்கள். தமிழக நாளிதழ்களோ விமான நிலையச் செய்திகளில் ‘குடியுரிமை அதிகாரிகள்’ என்று எழுதுகின்றன. இது பிழை. நுழைய அனுமதிப்பது வேறு, உரிமை தருவது வேறு.

எல்லாவற்றுக்கும் வேர் ‘குடி’. குடும்பம், குலம், ஆளப்படும் மக்கள், வசிப்பிடம் என அதற்குப் பல பொருள்கள். திருக்குறளில் ‘குடிமை’ என்ற அதிகாரம் பேசுவது பிறந்த குலத்தின் சிறப்பை. ‘குடியிருப்பு’, ‘குடிக்கூலி’ போன்றவற்றிலோ வாழும் இடமே முக்கியம். பிறப்பா, வாழ்விடமா? இந்த இழுபறி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நாடுகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. 1967இல் கனடா பிறந்த நாட்டைப் பாராமல் கல்வி, தொழில் திறன், மொழி, வயது ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி, குடியேற வருவோரைத் தேர்ந்தது.

இலங்கை 1948இல் எதிர்த்திசையில் சென்றது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த, இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரிடம் பிறப்புப் பதிவு ஏது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது.

குடியிருந்தவரைக் குடியல்லாதவராக்கிய அந்தச் சட்டம் பெரும் அநீதி. நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.