கழிபொருளும் கலைக்கல்வியும்: வார்தா முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள அனுமந்தன்பட்டியும் அதன் அண்டை ஊர்களும் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் வாழை, தென்னை, திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. நுங்கைத் தோண்டியெடுத்த காய்களைக் குச்சியில் கோத்து உருட்டும் வண்டி, தென்னையோலைக் காற்றாடி, பூவரச இலைப் பீப்பீ, கொட்டாங்கச்சித் தராசு ஆகியன தமிழகச் சிற்றூர்ச் சிறார் தாமே செய்து ஆடியவை. இவை யாவும் எஞ்சிய பொருளால் ஆனவை. ஆயினும் இவற்றைக் ‘கழிவுப்பொருள் கைவினை’ என்று எவரும் அழைத்ததில்லை. அப்பெயர் பள்ளியின் வழியாகப் பிற்காலத்தில் வந்தது. அது வந்த வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கும் கருத்து இந்தியாவில் திட்ட வடிவம் பெற்றது 1937 அக்டோபரில் கூடிய வார்தா மாநாட்டில். அதன்பின் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றனர். ஒருவர் யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம். மற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஆதாரக் கல்வி வரலாற்றை வடநாட்டு நிகழ்வாகவே எழுதிச் செல்லும் நூல்களில் இச்செய்தி உரிய அழுத்தம் பெறுவதில்லை. ஆரியநாயகம் இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலராக அக்கல்வியை நடத்தினார். குமரப்பா தம் இறுதிக் காலத்தை தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் 1940இல் தொடங்கப்பெற்றது. தேனி தனி மாவட்டமாவதற்கு முன் கல்லுப்பட்டியும் அனுமந்தன்பட்டியும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்த ஊர்கள்.

குழு வகுத்த ஏழாண்டுப் பாடத்திட்டத்தில் ஓவியமும் இடம்பெற்றது. சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்ற தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமம் வந்து, அங்குள்ள சிறாருக்குக் கலை கற்பித்தார். 1938 ஹரிபுரா காங்கிரசுக்கு நந்தலால், மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்களைக் கொண்டு கைத்தாளில் தீட்டிய ஓவியங்கள் இம்மரபின் பின்புலமாகும். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தக்ளியில் ஏறிய பஞ்சும் தாளில் ஏறிய மண்ணும் மலிந்த பொருள்களே. எனினும் அவை கழிவாகக் கருதப்படவில்லை, அருகில் கிடைத்த மூலப்பொருளாகவே கருதப்பட்டன. குழந்தை நூற்ற நூலுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதும் அத்திட்டத்தின் அடிப்படை எண்ணம். அதுவே பள்ளியைப் பட்டறையாக்கிவிடும் என்ற எதிர்ப்பையும் தோற்றுவித்தது. அவ்வெதிர்ப்பு முற்றிலும் பொருளற்றது எனத் தள்ள இயலாது.

எறியப்பட்ட பொருள் பாடப்பொருளான திருப்பம் மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், விலையுயர்ந்த ஆய்வுக்கருவி இன்றிச் சிற்றூர்ப் பள்ளியில் சோதனை வழிக் கல்வி இயலுமா என வினவியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் பணியிலிருந்து ஓராண்டு விடுப்பில் அங்குச் சென்றார். மிதிவண்டி வால்வுக் குழாயைச் சிறு துண்டுகளாக்கித் தீக்குச்சிகளை இணைத்து அவர் அமைத்த வடிவங்கள் ஓர் உண்மையைக் கையால் உணர்த்தின: சதுரம் அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் சாய்வதில்லை. கூரைச் சட்டகத்தில் முக்கோணம் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் அரிது. குழந்தை பொருளை அழகுபடுத்துவதில்லை, அதனிடம் கேள்வி கேட்கிறது. இம்முறையின் வலிமை அதில் உள்ளது. அத்திட்டம் 2002இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. தமிழில் இவ்வகைச் செயல்முறை அறிவியலுக்கு 1987 முதல் ‘துளிர்’ இதழ் இடமளித்தது.

மூன்றாம் கட்டம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2001இல் தேசியப் பசுமைப் படை பள்ளிகளில் அமைந்தது. இதன்பின் நெகிழிப் புட்டியில் பூச்சாடி, பழைய செய்தித்தாளில் பொம்மை என்பன விழிப்புணர்வின் அடையாளங்களாயின. வார்தாவில் பயன், ஓசங்காபாத்தில் வினா, இங்கே செய்தி என நோக்கம் இடம்பெயர்ந்தது. செய்தியே முதன்மையானபோது பொருளின் தன்மை பின்னுக்குச் சென்றது. கண்காட்சிக்காகப் புதிய நெகிழிக் குவளைகளை வாங்கிச் ‘கழிவுக் கலை’ படைக்கும் முரண் இந்நோக்கத்தில் அடங்கியே இருக்கிறது. செய்துமுடித்த பூச்சாடியும் சில மாதங்களில் குப்பைக்கே செல்கிறது; மறுசுழற்சி நிகழ்வதில்லை, கழிவு சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவே.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தபோது, மாற்றாக முன்வைக்கப்பட்டவற்றுள் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் அடங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் தார் வெட்டியபின் வீழ்த்தப்படும் வாழைமரத்தின் மட்டையிலிருந்து நார் உரிக்கலாம். பூக் கட்டுவோர் அதை நன்கறிவர். உரித்த நாரை எத்தனை நாள் நிழலில் உலர்த்துவது, எத்தனை புரி சேர்த்தால் எவ்வளவு எடை தாங்கும் என்பவை ஓசங்காபாத் வகை வினாக்கள். அனுமந்தன்பட்டிப் பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு அவ்வினாவின் முதற்பாதிக்கு விடை வீட்டிலேயே கிடைக்கக்கூடும்; பாட்டியின் கை அறிந்த அவ்விடை கலைப் பாடவேளையின் மதிப்பெண் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதப்படும் என்பதற்குப் பாடத்திட்டம் இன்னும் இடம் வகுக்கவில்லை.